போஹீமியன் ராப்சடியும் அதன் மறுபக்கமும்

1949ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனியார், நிமிஷத்துக்கு 45 முறை சுழலும் ஏழங்குல இசைத்தட்டைக் கடைக்குக் கொண்டுவந்த நாள் தொடங்கி, குறுந்தகடு தோன்றி அதன் ஆட்சியை முடித்துவைத்த காலம் வரையில், மேல்நாடுகளில் ஒரு பாட்டை விரும்பிக் காசு கொடுத்தவர் எவராயினும், தாம் கேட்டு வாங்காத இன்னொரு பாட்டையும் அதன் பின்புறத்தில் தாங்கியே வீடு திரும்பினார். வானொலியில் ஒலிக்க வேண்டும், ஜனங்களின் வாயில் வழங்க வேண்டும் என்று கம்பெனியார் கருதிய பாட்டு 'ஏ' பக்கத்தில் இடம்பெறும். பின்புறம் வெறுமையாக இருக்கலாகாதே என்பதற்காகச் சேர்க்கப்பட்டது 'பி' பக்கத்தில் போய்ச் சேரும். ஆனால் ஜனங்களின் ருசி கம்பெனியாரின் கட்டளைக்கு எப்போதும் கீழ்ப்படிந்ததில்லை. 1954இல் பில் ஹேலியின் குழு வெளியிட்ட தட்டில் மறுபக்கமாக வைக்கப்பட்ட 'ராக் அரவுண்ட் த கிளாக்' என்னும் பாட்டே பின்பு ஒரு தலைமுறையின் சங்கீதத்துக்குப் பிள்ளையார்சுழியாயிற்று. 1971இல் ராட் ஸ்டூவர்ட்டின் 'மேகி மே'யும் மறுபக்கத்திலிருந்தே முன்பக்கத்துக்கு ஏறிவந்தது. இந்த அபாயத்தை முன்கூட்டியே உணர்ந்த தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர், வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே, ஒருவரும் பொருட்படுத்தாத வாத்திய இசையைப் பின்புறத்தில் பதிவு செய்து, அதற்குத் தம்மிடம் வேலை பார்த்த வாத்தியக்காரர்களின் பெயரையே தலைப்பாகச் சூட்டுவதை வழக்கமாக வைத்திருந்தார்.

இவ்வளவு அலட்சியமாக நடத்தப்பட்ட அந்தப் பின்பக்கத்துக்குச் சட்டத்தின் முன்னிலையில் மட்டும் யாதொரு குறைவும் இருக்கவில்லை. இங்கிலாந்தில் 1956ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, விற்பனையாகும் ஒவ்வொரு தட்டின் சில்லறை விலையிலும் 6¼ சதவிகிதம் பாட்டை இயற்றியவர்களின் பங்குக்கு ஒதுக்கப்பட வேண்டியிருந்தது. தட்டில் இரண்டு பாட்டுகள் இருந்தால் அந்தத் தொகை பொதுவாக இரண்டுக்கும் சமமாகப் பிரிந்தது. எந்தப் பாட்டுக்காக அந்தத் தட்டு விலைபோயிற்று என்ற விசாரணைக்கு அங்கே இடமிருக்கவில்லை. ஆகவே பத்து லட்சம் பேர் முதற்பக்கத்தின் மேல் மோகித்து வாங்கிய தட்டின் மறுபக்கத்தை அவர்களில் ஒருவர்கூடத் திருப்பிக் கேளாவிட்டாலும், அதை எழுதியவரின் கணக்கில் பத்து லட்சம் தட்டுகளின் பங்கு தவறாமல் வந்து சேரும். பாடகர் ஒருவராகவும் பாட்டை இயற்றுபவர் வேறொருவராகவும் இருந்த பழைய நாளில் இது ஒரு பெரிய விஷயமாக இருக்கவில்லை. ஆனால் நாலு பேர் சேர்ந்த ஒரு குழுவில் நாலு பேருமே பாட்டு இயற்றுகிறவர்கள் என்றால், அடுத்த தட்டின் பின்புறத்தில் யாருடைய பாட்டு ஏறப்போகிறது என்ற கேள்வி, சங்கீதத்தின் எல்லையைக் கடந்து குடும்பத்துப் பாகப்பிரிவினையின் தன்மையை அடைந்துவிடுகிறது.

1975ஆம் வருஷம் அக்டோபர் 31ஆம் தேதி ஈ.எம்.ஐ. கம்பெனியார் 2375 என்னும் எண்ணிட்டு வெளியிட்ட 'போஹீமியன் ராப்சடி'யின் சரித்திரத்தை எழுதியவர்கள் அனேகர்; அவர்களிற் பெரும்பாலோர் முதற்பக்கத்தின் மகிமையைச் சொல்லி அத்துடன் நின்றுவிட்டார்கள். குவீன் என்னும் அந்தக் குழு எவ்வாறு ஒன்றாக இருந்தது, எதனால் பலமுறை பிளவுபட இருந்து பிழைத்தது என்பதை அறிய விரும்புகிறவர், அந்தத் தட்டைத் திருப்பிப் பார்த்தே தீரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நாலு பேரும் நாலு திசையிலிருந்து வந்தவர்கள். பாடகரான ஃப்ரெடி மெர்க்குரி 1946இல் சான்சிபார் தீவில் ஒரு பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்து, பம்பாய்க்குத் தென்கிழக்கே மலைமேல் உள்ள பஞ்சகனியில் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதியில் படித்தவர். பியானோ பயின்றதும், சக மாணவர்களோடு 'ஹெக்டிக்ஸ்' என்ற சிறு குழுவைச் சேர்த்து வாசித்ததும் அங்கேதான். 1964இல் சான்சிபாரில் புரட்சி மூண்டபோது குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு ஓடிவந்து, ஈலிங் கலைக்கல்லூரியில் சித்திரக்கலை கற்றார். கிதார்க் கலைஞரான பிரையன் மே, வான்பௌதிகம் படித்தவர்; தம் தந்தையாரோடு சேர்ந்து வீட்டிலேயே செய்த கிதாரைத்தான் வாழ்நாள் முழுதும் வாசித்து வந்திருக்கிறார். தாளவாத்தியக்காரரான ரோஜர் டெய்லர் பல் வைத்தியம் படிக்கத் தொடங்கி அதை விட்டவர். பாஸ் கிதார் வாசித்த ஜான் டீக்கன் மின்னணுவியல் பட்டதாரி. பேசுவதும் சொற்பம், பாடுவதும் இல்லை. 1974இல் 'கில்லர் குவீன்' என்னும் அவர்களுடைய தட்டு ஆங்கில நாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியிருந்தும், அந்தக் கீர்த்தி அவர்கள் கைக்குப் பணமாக வரவில்லை. தங்களை ஆதியில் ஆதரித்த டிரைடன்ட் நிறுவனத்தாரோடு மனஸ்தாபப்பட்டுப் பிரிந்தபோது, ஒரு லட்சம் பவுனும் வருங்கால ஆல்பங்களில் ஒரு சதவிகிதமும் கொடுத்து விடுதலை பெற வேண்டியிருந்தது. ஆகவே 1975ஆம் வருஷத்துக் கோடையில் அவர்கள் நாலாவது ஆல்பத்தைப் பதிவு செய்யப் புறப்பட்டபோது, கலை ஆர்வம் ஒருபுறம் இருக்க, அது தோற்றால் குழுவே கலைந்துபோகும் என்ற அச்சமும் அவர்களோடு கூடவே சென்றது.

வேல்ஸ் நாட்டில் மான்மத் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு பண்ணைவீடாக இருந்து ஒலிப்பதிவுக்கூடமாக மாறிய ராக்ஃபீல்டில், ஆகஸ்ட் மாதத்துக் கடைசியில் வேலை ஆரம்பமாயிற்று. மெர்க்குரியின் மனத்தில் 'போஹீமியன் ராப்சடி' முழுமையாக இருந்தது. மற்றவர்களுக்கோ அது துண்டுதுண்டாகவே வெளிப்பட்டது. பியானோவின் ஆரம்பப் பகுதியை வாசித்துக் காட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, இங்கேதான் ஆபெரா வரப்போகிறது என்று அவர் சொன்னதாகத் தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர் பின்பு பலமுறை கூறியிருக்கிறார். அந்த இடத்துக்கென்று நாடாவில் சில விநாடிகள் காலியாக விடப்பட்டன. மெர்க்குரி ஒவ்வொரு நாளும் புதிய யோசனைகளோடு வர வர, அந்தக் காலியிடமும் நீண்டுகொண்டே போயிற்று.

அந்த ஆபெராப் பகுதி உருவான விதம் சற்று விரிவாகச் சொல்லத் தகுந்தது. பெரிய பாடகர் கூட்டம் ஒன்று பாடுவதுபோல் நம் காதில் விழுகிற அந்தப் பகுதியைப் பாடியவர்கள் மூன்றே பேர்: மெர்க்குரி, மே, டெய்லர். கீழ்ஸ்தாயியை மேயும், மத்திய ஸ்தாயியை மெர்க்குரியும், வேறு எவருக்கும் எட்டாத உச்சத்தை டெய்லரும் பிடித்து, ஒரு வரியைப் பாடுவார்கள்; அதே வரியை மறுபடி பாடுவார்கள்; பின்னும் பாடுவார்கள். அன்றைய யந்திரத்தில் 24 தடங்களுக்கு மேல் இடமில்லை. ஆதலால் நிரம்பிய தடங்களை ஒன்றாகக் கலந்து ஒரு தடத்தில் ஒடுக்கி, விடுபட்ட இடத்தில் மறுபடி பாடி, அதையும் ஒடுக்கி, இவ்வாறு அடுக்கின் மேல் அடுக்காக ஏற்றிக்கொண்டே போனார்கள். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இந்தப் பிரயத்தனம் நடந்தது. இப்படி ஏறிய குரல்களின் எண்ணிக்கை சில இடங்களில் 180 வரை போயிற்று என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. இரண்டங்குல அகலமுள்ள நாடா யந்திரத்தின் முனைகளில் எத்தனையோ நூறு தடவை உராய்ந்ததில், அதன் மேலிருந்த இரும்புத் துகள் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபுறம் தெரியும் அளவுக்கு நாடா மெலிந்துவிட்டது. இன்னும் சில தடவை ஓட்டியிருந்தால் பாட்டே அழிந்திருக்கும். ராக்ஃபீல்டில் தொடங்கிய இந்த வேலை லண்டனில் உள்ள வேறு சில கூடங்களிலும் தொடர்ந்து நடந்து முடிந்தது. முடிந்தபோது பாட்டின் நீளம் 5 நிமிஷம் 55 விநாடி.

ஈ.எம்.ஐ. கம்பெனியார் இதைக் கேட்டுத் திகைத்ததில் ஆச்சரியமில்லை. மூன்று நிமிஷத்துக்கு மேற்பட்ட பாட்டை வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மாட்டா என்பது அக்காலத்து வியாபார சாஸ்திரம். பீட்டில்ஸ் குழுவின் 'ஹே ஜூட்' 1968லேயே ஏழு நிமிஷத்தைத் தாண்டியிருந்தது உண்மைதான்; ஆனால் அது உலகம் அறிந்த பீட்டில்ஸின் பாட்டு. கடனில் இருந்த ஒரு குழுவுக்கு அந்தச் சலுகையை யார் தருவார்? தட்டின் அமைப்பிலேயும் ஓர் இடைஞ்சல் உண்டு. ஏழங்குலத் தட்டில் இசைக்கோடு ஓடுவதற்குக் கிடைக்கும் இடம், வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி ஏறத்தாழ ஓரங்குல அகலமே. நிமிஷத்துக்கு 45 சுற்று என்றால் இந்தப் பாட்டுக்கு 266 சுற்றுகள் வேண்டும். அத்தனையையும் அந்த ஓரங்குலத்துக்குள் அடக்குவதானால் கோடுகள் நெருங்கி ஓடவேண்டும், நெருங்கி ஓடினால் ஒலியின் வலுவைக் குறைக்க வேண்டும். நம் நாட்டிலும் 78 சுற்றுத் தட்டுகளின் காலத்தில், டம்டம் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே ஈ.எம்.ஐ. வம்சத்துத் தட்டுகளில், ஒரு ராக ஆலாபனையை இரண்டு துண்டாக்கி, முற்பகுதியை ஒரு பக்கத்திலும் பிற்பகுதியை மறுபக்கத்திலும் வைத்துக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. குவீன் குழுவினர் பாட்டைத் துண்டாக்கவும் இணங்கவில்லை, வெட்டிச் சுருக்கவும் இணங்கவில்லை. முழுதாக வெளியிடுங்கள், அல்லது வெளியிடவே வேண்டாம் என்று நின்றார்கள்.

இந்த வழக்கைத் தீர்த்துவைத்தவர் கம்பெனியாரும் அல்லர், குழுவினரும் அல்லர். கேப்பிடல் ரேடியோவில் நிகழ்ச்சி நடத்திவந்த கென்னி எவரெட் என்பவர். ஒலிபரப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட பிரதியை, கை தவறிவிட்டது என்ற பாவனையில் முதலில் சிறுசிறு துண்டுகளாகவும் பிறகு முழுதாகவும் ஒலிபரப்பி, ஒரு வாரக்கடைசியின் இரண்டு நாட்களில் 14 தடவை அதைக் கேட்கச் செய்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் ஜனங்கள் கடைகளுக்குச் சென்று, இன்னும் வெளிவராத தட்டைக் கேட்கத் தொடங்கினார்கள். அதன்பின் கம்பெனியாருக்கு வேறு வழி இருக்கவில்லை.

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். அதில் இடம்பெற்றது ரோஜர் டெய்லர் எழுதித் தாமே பாடிய 'ஐ ஆம் இன் லவ் வித் மை கார்'. குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஒலிக்கருவிகளைக் கவனித்துவந்த ஜானதன் ஹாரிஸ் என்பவர் தம்முடைய டிரையம்ஃப் டி.ஆர்.4 காரின் மேல் உயிரையே வைத்திருந்தார். அந்த அன்பைக் கண்டு பிறந்த பாட்டு இது. ஆல்பத்தின் உறையில் அவருக்கே அதைச் சமர்ப்பணம் செய்திருக்கிறார்கள். பாட்டின் முடிவில் உறுமுகிற எஞ்சினின் ஒலி மட்டும் டெய்லருடைய சொந்த ஆல்ஃபா ரோமியோவினுடையது. முதல் தடவை மாதிரிப் பதிவைக் கேட்ட பிரையன் மே, இது வேடிக்கைக்காகச் செய்ததோ என்று சந்தேகித்தார். அத்தகைய பாட்டை, அந்த ஆல்பத்தில் இருந்த வேறு பல நல்ல பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, மறுபக்கத்துக்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? தம் பாட்டையே போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த டெய்லர், ஓர் அலமாரிக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டு, மெர்க்குரி சம்மதிக்கும் வரையில் வெளிவர மறுத்தார் என்ற கதை குழுவினரைப் பற்றிய நூல்களிலெல்லாம் சொல்லப்படுகிறது. அவர்களைப் பற்றி 2018இல் வெளிவந்த திரைப்படத்திலும் அதைத் தொட்டுக்காட்டியிருக்கிறார்கள்.

அலமாரிக் கதையைச் சொல்லி நகைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அதற்கு முன் அந்தக் குழு வெளியிட்டிருந்த, 'சிங்கிள்' எனப்படும் சிறு தட்டுகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 1973இல் வந்த முதல் தட்டில் இரண்டு பக்கமும் மேயின் பாட்டு. அடுத்த வருஷத்து 'செவன் சீஸ் ஆஃப் ரை' மெர்க்குரியுடையது. அதன் மறுபக்கம் மேயுடையது. 'கில்லர் குவீன்' தட்டில் இரண்டு பக்கமும் மெர்க்குரி. 1975 ஜனவரியில் வந்த தட்டில் முன்பக்கம் மே, பின்பக்கம் மெர்க்குரி. ஆக நாலு தட்டுகள், எட்டுப் பக்கங்கள். எட்டும் இருவருக்கே போயின. டெய்லரும் டீக்கனும் அதே மேடையில் நின்று, அதே கஷ்டத்தை அனுபவித்து, அதே வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டிருந்தும், சிங்கிள்களின் ராயல்டியில் அவர்களுக்கு ஒரு காசு கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், டெய்லரின் பிடிவாதம் குழந்தைத்தனமாகத் தோன்றவில்லை. நியாயமான பங்கைக் கேட்ட ஒருவரின் பிடிவாதமாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆபெராப் பகுதியின் உச்சக் குரல் அவருடையது. அதற்கு இயற்றுநர் ராயல்டி கிடையாது. ஆனால் காரைப் பற்றிய பாட்டுக்கு உண்டு. சட்டம் அப்படி அமைந்திருந்தது. அந்தச் சட்டத்துக்குள்ளே தமக்கு ஓர் இடத்தை அவர் தேடிக்கொண்டார்.

தேடிக்கொண்ட இடம் எத்தகையது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. நவம்பர் மாதம் 10ஆம் தேதி எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு நிலையத்தில் புரூஸ் கோவர்ஸ் என்பவரின் இயக்கத்தில் சில மணி நேரத்துக்குள் எடுத்து முடித்த ஒரு குறும்படம், பி.பி.சி.யின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் காட்டப்பட்டது. மூன்று பேரின் நூற்றெண்பது குரல்களை மேடையில் நின்று பாவனை செய்வது நகைப்புக்கிடமாகும் என்பதனால் உண்டான அந்தப் படம், அதன் பின் உலகமெங்கும் பாட்டுக்குப் படம் எடுக்கும் வழக்கத்துக்கு முன்மாதிரியாயிற்று. நவம்பர் கடைசியில் முதலிடத்தைப் பிடித்த தட்டு, தொடர்ந்து 9 வாரம் அங்கேயே இருந்தது. ஜனவரி முடிவதற்குள் இங்கிலாந்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றுப்போயிற்று. கடைசியில் அதை இறக்கிய பாட்டு ஸ்வீடன் நாட்டு அப்பா குழுவின் 'மாமா மியா'. அமெரிக்காவில் எலெக்ட்ரா கம்பெனியார் வெளியிட்ட பதிப்பு ஒன்பதாவது இடத்தை அடைந்தது. மெர்க்குரிக்கு வந்த ஒவ்வொரு பவுனுக்கும் எதிரே டெய்லருக்கும் ஒரு பவுன் வந்தது. உலகமே பேசிய பாட்டை எழுதியவருக்கும், அதன் பின்புறத்தில் இருந்த பாட்டை எழுதியவருக்கும் சரிசமம்.

மற்றவர்களுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? உறுத்தியது என்பதை மே பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றிப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆயினும் அந்த ஆல்பத்திலிருந்து அடுத்தாற்போல 1976இல் வெளிவந்த சிங்கிளைப் பார்க்கும்போது, அந்தக் குழுவின் மேல் எனக்கு மரியாதை உண்டாகிறது. முன்பக்கம் 'யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்': எழுதியவர், எல்லோரிலும் இளையவரும் வாய் திறவாதவருமான ஜான் டீக்கன். பின்பக்கம் ''39': எழுதியவர் பிரையன் மே. வான்பௌதிகம் படித்தவருக்கே தோன்றக்கூடிய கற்பனை அது. விண்வெளிக்குப் போய் ஒரு வருஷம் கழித்துத் திரும்புகிறவர்கள், பூமியில் ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டதைக் காண்கிறார்கள். ஆக அந்த ஆல்பத்திலிருந்து இங்கிலாந்தில் இரண்டு தட்டுகள், நாலு பக்கங்கள், நாலு ஆசிரியர்கள். ஆளுக்கொரு பக்கமாகக் கணக்கு நேராயிற்று. இது திட்டமிட்டே செய்யப்பட்டதா என்பதை அவர்களே அறிவார்கள். ஆனால் எட்டுப் பக்கங்கள் இருவருக்கே போன குழுவில் இப்படி நாலும் நாலு பேருக்குப் பிரிந்தது வெறும் தற்செயல் என்று நம்புவதற்கு என் மனம் இடந்தரவில்லை.

பிந்திய வருஷங்களிலும் மறுபக்கம் அவர்களிடையே ஒரு பேரப்பொருளாகவே இருந்துவந்தது. 1977இல் மெர்க்குரியின் 'வீ ஆர் த சாம்பியன்ஸ்' முன்பக்கமாகவும் மேயின் 'வீ வில் ராக் யூ' பின்பக்கமாகவும் வெளிவந்து, அமெரிக்க வானொலிக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே ஒலிபரப்பியதால் எது முன், எது பின் என்ற பேதமே அழிந்துபோயிற்று. அடுத்த வருஷம் இருவருடைய பாட்டுகளையும் இரண்டு பக்கமும் 'ஏ' பக்கம் என்றே அறிவித்து ஒரு தட்டை வெளியிட்டார்கள். ஆல்பத்தில் இடங்கிடைக்காத பாட்டுகளுக்குப் பின்புறம் புகலிடமாகவும் உதவிற்று. 1980இல் டெய்லரின் 'எ ஹியூமன் பாடி' அப்படி மறுபக்கத்தில் மட்டுமே வெளிவந்தது, 'ரேடியோ கா கா'வின் மறுபக்கமாக 1984இல் வந்த மேயின் 'ஐ கோ கிரேஸி'யும் அப்படியே. இவற்றைத் தேடிச் சேகரிக்கும் ரசிகர்களுக்கு ஆல்பங்களைவிடச் சிறு தட்டுகளின் மேலேயே வாஞ்சை அதிகம்.

1978ஆம் வருஷத்தில் இன்னொரு பதிப்பு வந்தது. ஏற்றுமதியில் சிறந்து விளங்கியதற்காக ஈ.எம்.ஐ. கம்பெனிக்கு அரசியாரின் விருது கிடைத்தபோது, அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட, 'போஹீமியன் ராப்சடி'யை நீலநிறத்தில் 200 பிரதிகள் மட்டும் வார்த்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண் இட்டு, விருந்துக்கு வந்தவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வழங்கினார்கள். கடைக்கு ஒரு பிரதியும் வரவில்லை. இன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுன்களுக்கு விலைபோகும் அந்த நீலத்தட்டின் பின்புறத்திலும் டெய்லரின் கார் உறுமிக்கொண்டுதான் இருக்கிறது.

யாருடைய பாட்டு என்ற சச்சரவு 1980களில் முற்றிற்று. ஆல்பத்துக்குப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போதும், சிங்கிளாக எதை வெளியிடுவது என்று தீர்மானிக்கும்போதும், சங்கீதத்தின் நன்மையைக் கருதிச் சொல்லப்பட்ட அபிப்பிராயம் எது, தன் பங்கைக் கருதிச் சொல்லப்பட்டது எது என்று பிரித்தறிய முடியாத நிலை வந்தது. 1974இலேயே ஒரு பாட்டை நாலு பேரின் பெயரிலும் பதிந்திருந்தார்கள். 1985இல் 'ஒன் விஷன்' அவ்வாறே வந்தது. 1989இல் 'த மிரக்கிள்' ஆல்பத்தைத் தயாரித்தபோது, இனி யார் எழுதினாலும் எல்லாப் பாட்டும் 'குவீன்' என்ற ஒரே பெயரில் வெளிவரும், ராயல்டியும் நாலு சமபாகமாகப் பிரியும் என்று முடிவு செய்தார்கள். இதை அவர்கள் 15 வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்று மே சொல்வதுண்டு. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. போட்டி இருந்ததனால்தான் நாலு பேரும் தனித்தனியே முதலிடத்துக்குத் தகுந்த பாட்டுகளை இயற்றினார்களோ என்னவோ! ஆனால் அந்தத் தீர்மானத்துக்குப் பின் அவர்களிடையே நிலவிய சௌஜன்யம், முன்னைய எந்தக் காலத்தையும்விட அதிகம் என்பதற்கு அவர்களுடைய வார்த்தைகளே சாட்சி. மெர்க்குரி தம்மைப் பற்றியிருந்த நோயை மற்ற மூவரிடமும் சொன்னதும் அந்தக் காலத்தையொட்டித்தான்.

1991ஆம் வருஷம் நவம்பர் 23ஆம் தேதி தமக்கு எய்ட்ஸ் நோய் உண்டென்று அவர் உலகத்துக்கு அறிவித்தார், மறுநாள் காலமானார். டிசம்பர் 9ஆம் தேதி 'போஹீமியன் ராப்சடி' மறுபடியும் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஆனால் பதினாறு வருஷமாகப் பின்னால் இருந்துவந்த காரின் பாட்டு இந்தத் தட்டில் இல்லை. அதற்குப் பதிலாக, அந்த வருஷத்து 'இன்யுவெண்டோ' ஆல்பத்திலிருந்து 'தீஸ் ஆர் த டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்னும் பாட்டு, இரண்டும் 'ஏ' பக்கம் என்ற அந்தஸ்தோடு சேர்க்கப்பட்டது. கழிந்த இளமையை அமைதியோடு நினைத்துப் பார்க்கும் அந்தப் பாட்டுக்காக மே மாதம் எடுக்கப்பட்ட படமே, மெர்க்குரி காமிராவின் முன் நின்ற கடைசிப் படம்; உடல் இளைத்து, நிற்பதே பெருஞ்சிரமமாக இருந்த நிலையில், கறுப்பு வெள்ளையில் அதைப் பிடித்திருக்கிறார்கள். தட்டு வெளிவந்ததும் நேரே முதலிடத்தில் ஏறி ஐந்து வாரம் அங்கே தங்கிற்று. ஒரே பாட்டு, அதே பதிவில், இரண்டு கிறிஸ்துமஸ்களில் முதலிடம் பெற்றது அதற்கு முன் நிகழ்ந்ததில்லை. விற்பனையில் கிடைத்த பத்து லட்சம் பவுனுக்கு மேற்பட்ட தொகை, எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவிவந்த டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளைக்குச் சென்றது.

இந்த இரண்டாவது பாட்டை முக்கியமாக இயற்றியவரும் ரோஜர் டெய்லரே என்பதை அறிந்தவர் குறைவு. ஏனெனில் லேபிளில் அவர் பெயர் இல்லை, 'குவீன்' என்ற பெயர்தான் இருந்தது. 1975இல் தம் பெயரைத் தட்டின் பின்புறத்தில் ஏற்றுவதற்காக அடம்பிடித்த அதே மனிதர், 1991இல் அதே பாட்டின் மறுபக்கத்துக்குத் தம்முடைய பாட்டை, பெயரையும் விட்டு, பணத்தையும் தர்மத்துக்கு விட்டு, நண்பரின் நினைவுக்காகக் கொடுத்திருக்கிறார். குவீன் குழுவின் சரித்திரத்தில் இதைவிட உயர்ந்த ஓர் இடத்தை நான் அறியேன்.

மறுவருஷம் அமெரிக்காவில் வேறொரு காரணத்தால் பாட்டு உயிர்பெற்றது. 'வேய்ன்ஸ் வேர்ல்ட்' என்னும் நகைச்சுவைப் படத்தில், ஒரு சிறு காருக்குள் நெருங்கி உட்கார்ந்த ஐந்து இளைஞர்கள் அந்தப் பாட்டைக் கூடவே பாடிக்கொண்டு தலையை ஆட்டுகிற காட்சி அந்நாட்டுப் பிள்ளைகளை ஆட்டிவைத்தது. ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட அந்தப் பதிப்பு, முன்பு ஒன்பதோடு நின்ற பாட்டை இரண்டாம் இடம் வரையில் ஏற்றிற்று. அதன் மறுபக்கம் 'த ஷோ மஸ்ட் கோ ஆன்'. பெரும்பாலும் மே இயற்றி, மெர்க்குரி தம் கடைசிக் காலத்தில் முழுமூச்சோடு பாடியது. இதற்கும் பெயர் 'குவீன்' என்றே.

இங்கிலாந்தில் மட்டும் 26 லட்சத்துக்கு மேல் விற்று, அந்நாட்டில் எக்காலத்திலும் அதிகம் விற்ற சிங்கிள்களில் மூன்றாவதாக நிற்கும் இந்தத் தட்டுக்கு, 2015ஆம் வருஷம் நவம்பரில், நாற்பதாவது வருஷத்தை முன்னிட்டு மற்றுமொரு பதிப்பு வந்தது. இம்முறை பன்னிரண்டங்குலத் தட்டு. ஆறு நிமிஷப் பாட்டு நெருக்கடியின்றி ஓடுவதற்கு வேண்டிய இடம் அதில் தாராளமாக இருந்தது. மறுபக்கத்துக்கு எதையும் அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கலாம். 'ஐ ஆம் இன் லவ் வித் மை கார்' பாட்டையே, அதை எழுதியவரின் பெயரோடு, பழைய இடத்தில் வைத்தார்கள்.